பால்மரம் இலை கொட்டும்போது தொடங்குங்கள்: பாலர் வகுப்பில் நம் ஊர்ப் பருவங்கள்

சுவரில் ஒட்டியிருக்கும் பனிமனிதனை முதலில் கழற்றி வையுங்கள். இணையத்தில் பருவகாலம் என்று தேடினால் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு கட்டம் போட்ட தாள் வரும், அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளைகளும் சமர்த்தாக வண்ணம் தீட்டிவிடுவார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நடத்தினேன். மூன்றாம் வருடம் பிப்ரவரியில், சிவப்பு மேப்பிள் இலைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் நிமிர்ந்து, "டீச்சர், எங்க வீட்டுப் பக்கம் மரமெல்லாம் மொட்டையா நிக்குது, செத்துப் போச்சா?" என்று கேட்டான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பால்மரம் என்று நாங்கள் சொல்கிற ரப்பர் மரங்கள் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டிவிட்டு நின்றன. எங்கள் ஊரின் இலையுதிர் காலம் இருபது அடி தூரத்தில் இருக்க, கனடா மரத்தின் இலைக்கு வண்ணம் தீட்ட வைத்திருக்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறது எங்கள் பாலர் பள்ளி. ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். நமக்குப் பருவமே இல்லை, வருடம் முழுக்க வெயிலும் மழையும்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள், அது உண்மை இல்லை. இலை கொட்டுகிற காலம், தளிர் விடுகிற காலம், பழக் காலம், கொட்டை வெடிக்கிற காலம், புகைமூட்டம், சாயங்கால மழை என்று நம் ஊர் தன் கணக்கில் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அதைப் பிள்ளைகளின் கையில் எப்படிக் கொடுப்பது என்றுதான் எழுதப் போகிறேன்.

காசு செலவழிக்க வேண்டியதில்லை. முட்டை அட்டைகள், காலி மைலோ டின்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள், இரண்டு முறம், ஒரு சமையலறைத் தராசு போதும். இவற்றோடு ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும்: வகுப்பின் ஒரு சுவர் நீளத்துக்கு ஒட்டிய பழுப்புத் தாள். அதைப் பன்னிரண்டு மாதமாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் கண் உயரத்துக்கு ஒட்டாமல் ஐந்து வயதுப் பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். நாங்கள் இதைக் காலநாடா என்கிறோம். ஒவ்வொரு மாதமும் வெளியே கிடைத்ததில் ஒன்றை, படமாக இல்லாமல் அந்தப் பொருளாகவே, அதில் ஒட்ட வேண்டும். கீழே பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இலை. பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பா கொடுத்து, வேலி ஓரம் அழைத்துப் போங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் விளக்காதீர்கள். இது எனக்கே பழக நாளாயிற்று, ஆசிரியர் வாய் சும்மா இருக்காது. அவர்கள் மிதிப்பார்கள், நொறுக்குவார்கள், தலைமேல் வாரிப் போட்டுக்கொள்வார்கள், போடட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: ஒரு காம்பில் எத்தனை இலை? ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாகத்தான் இருக்கும், அதனால் மூன்று மூன்றாக எண்ணும் பாடம் அங்கேயே கிடைக்கிறது. ஐந்து காம்பைத் தரையில் வரிசையாக வைத்து மூன்று, ஆறு, ஒன்பது என்று விரல் வைத்து எண்ண விடுங்கள். மூன்றில் ஒன்று உதிர்ந்துபோன காம்பு வரும், அதை எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை நிச்சயம் ஓடி வரும், "ஒன்னு குறையுது டீச்சர்" என்று. கழித்தல் அதுவே.

வகுப்புக்குள் வந்ததும் முறத்தில் கொட்டி நிறம் பிரிக்கலாம். பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு. இங்கே சொற்களைக் கொடுங்கள்: தளிர், இலை, பழுப்பு, சருகு, காம்பு, நரம்பு. நம் பிள்ளைகள் பலர் இலையை மலாய்ச் சொல்லில் டவுன் என்றுதான் சொல்வார்கள், அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள், "ஆமா, டவுன், தமிழில் இலை, காய்ஞ்சுபோனா சருகு" என்று பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். கையில் நொறுங்கிய பொருளுக்கு வந்த சொல் மறக்காது, சருகு என்ற சொல்லை அட்டையில் காட்டிச் சொல்லிக்கொடுத்த வருடங்களில் அது ஒரு பிள்ளைக்கும் நிற்கவில்லை.

இலை நரம்பு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் நல்ல முழு இலைகளை மூடி போட்ட வாளியில் மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு, சதை அழுகியதும் பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் வலை மாதிரி நரம்பு மட்டும் நிற்கும். நாற்றம் அடிக்கும், ஊறப்போடும் வேலையை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாமல் மட்டும் வைக்காதீர்கள், கொசு முட்டையிடும்.

இந்தக் காலத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் கூப்பிடுங்கள். எங்கள் வகுப்புக்கு ஒரு பிள்ளையின் பாட்டி வந்தார், நாற்பது வருடம் பால் வெட்டியவர். பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஒன்றையும் பால்வெட்டும் கத்தியையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார் (கத்தியை அவர் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்). இலை கொட்டும் மாதத்தில் பால் குறைந்துவிடும், கையில் காசும் குறைந்துவிடும், புதுத் தளிர் வந்து முற்றும்வரை சிக்கனம்தான் என்று அவர் சொன்னபோது, மரம் செத்துப் போச்சா என்று கேட்ட அந்தப் பையன், "அப்ப மரம் சாகல, ஓய்வெடுக்குது" என்றான். அதை நாடாவில் எழுதி ஒட்டினோம். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று பெரிய மரமாக இன்றும் நிற்கிறது, சுங்கை சிப்புட்டிலிருந்து பக்கம்தான், ஒரு சனிக்கிழமை பெற்றோரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பாட்டி சொன்னது எல்லாம் பிள்ளைக்கு இன்னும் பெரிதாகும்.

தளிர் வரும்போது மறுபடி அதே மரத்துக்குப் போங்கள். அதே மரம் என்பது முக்கியம், ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். புதுத் தளிர் பச்சையாக இருக்காது, செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். இலை என்றால் பச்சை என்று வண்ணம் தீட்டிப் பழகிய பிள்ளைகள் அன்றைக்குப் பழுப்பு, சிவப்பு வண்ணக்குச்சிகளைத் தேடுவதைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் நிழல். நம் சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே இருப்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். ஆனால் பகல் 12 மணிக்கு வராது. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால் ஓடுகிறது, தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1-ஆம் தேதி அதை இன்னும் அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள், அதனால் நிழல் காலடியில் ஒடுங்குவது ஏறக்குறைய 1.15, 1.20 மணிக்குத்தான். பிள்ளைகள் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் செய்ய வேண்டியது இது: காலை எட்டரைக்குச் சிமெண்டுத் தரையில் ஒருவர் நிற்க இன்னொருவர் அவர் பாதத்தையும் நிழலையும் சுண்ணக்கட்டியால் வரையட்டும். பத்து மணிக்கு அதே பாதத் தடத்தில் நின்று மறுபடி. பதினொன்றரைக்கு மூன்றாம் தடவை. நிழல் குட்டையாகிக்கொண்டே வருவது தரையிலேயே தெரியும். இன்னும் குட்டையாகுமா, காணாமலே போகுமா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒன்றே காலுக்கு வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அம்மாக்களுக்குக் காலையிலேயே செய்தி போட்டுவிட வேண்டும். மேகம் மறைத்துவிட்டால் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம், அந்த வாரம் முழுவதும் நிழல் காலை ஒட்டித்தான் இருக்கும்.

பழக் காலத்துக்கு, அதாவது ஜூன் முதல் ஆகஸ்டு வரை, நான் மங்குஸ்தீனை விட்டால் வேறு எதையும் முதலில் எடுப்பதில்லை. பழத்தின் அடிப்பக்கத்தில் சின்னப் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ அத்தனை சுளைதான் உள்ளே. இதை நீங்கள் சொல்லிவிடக் கூடாது, அவர்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு பழம், இதழை எண்ணி ஒரு சீட்டில் அத்தனை வட்டம் போடச் சொல்லுங்கள், அப்புறம் நீங்கள் பழத்தைத் திறங்கள், சுளையை எண்ணி இன்னொரு வரிசை வட்டம் போடட்டும். முதல் ஜோடிக்கு ஆறும் ஆறும் வரும், அது தற்செயல் என்று நினைப்பார்கள். ஐந்தாவது ஜோடி வரும்போது வகுப்பே கத்தும். சுளை எண்ணிக்கை பழத்துக்குப் பழம் வேறுபடும், அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் இது புதிய கேள்வியாகவே இருக்கும். தோலின் ஊதாச் சாறு சீருடையில் பட்டால் போகாது, முதல் நாளே பழைய டீ-சட்டை கேட்டு வாங்கிவிடுங்கள்.

ரம்புத்தானில் கொட்டையை நீங்களே எடுத்துவிட்டுத்தான் சாப்பிடக் கொடுக்க வேண்டும், வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும். எடுத்த கொட்டையைக் கழுவி அன்றைக்கே காலிப் பால் பெட்டியில் நடுங்கள். இன்னும் நாலைந்து கொட்டையை ஜன்னல் ஓரத்தில் இரண்டு வாரம் காயவிட்டு அப்புறம் நடுங்கள். முதலில் நட்டது முளைத்து நிற்கும், காய்ந்தது பெரும்பாலும் முளைக்காது. விதை உயிரோடு இருக்கிறது என்பதை இதைவிட எளிமையாக ஐந்து வயதுக்குச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. டுரியானுக்குக் கண்ணை மூடி வாசனை பிடிக்கும் விளையாட்டு போதும், முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சரி, ஆகஸ்டு, செப்டம்பருக்கு வருவோம். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாரங்கள் இவை. ரப்பர் காய் முற்றிக் காய்ந்து, நல்ல வெயிலில் படீர் என்று வெடித்துக் கொட்டையைப் பத்து மீட்டருக்கு மேல்கூட வீசும். பிள்ளைகள் சொல்லாமலே பை நிறையப் பொறுக்கி வருவார்கள். முதலில் ஒரு கண்டிப்பு: ரப்பர் கொட்டை விஷம், வாயில் வைக்கக் கூடாது. இதற்கு நான் கண்ட வழி எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது. முட்டை அட்டையில் ஆளுக்குப் பத்துக் குழி, பத்துக் கொட்டை. வேலை முடிந்ததும் பத்துக் குழியும் நிரம்பாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாதுகாப்பும் ஆயிற்று, பத்து என்பது எவ்வளவு என்பதும் உடம்பில் ஏறுகிறது. கடைசியில் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கொட்டையின் மேல் பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி இருக்கிறதே, அது மரத்துக்கு மரம் வேறு. ஒரே மரத்துக் கொட்டைகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும், ஏனென்றால் அந்த ஓடு தாய் மரத்தின் பகுதி. மூன்று மரங்களுக்கு அடியில் தனித்தனியாகப் பொறுக்கி, மூன்று டப்பாவில் வைத்து, பிள்ளைகள் நன்றாகப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் முறத்தில் கொட்டிக் கலந்துவிடுங்கள். எந்தப் பிள்ளை எந்த அம்மாவுடையது என்று பிரிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கண் வலிக்கும். பிள்ளைகளோ வடிவம், புள்ளி, பளபளப்பு, ஓரத்து மேடு என்று ஏதேதோ பிடித்துக்கொண்டு பிரித்துவிடுகிறார்கள். ஏன் இங்கே வைத்தாய் என்று கேளுங்கள், பதிலை எழுதிக்கொள்ளுங்கள். "இது கொஞ்சம் சப்பை மூக்கு" என்றாள் ஒருத்தி, அவள் பிரித்தது சரியாக இருந்தது.

வெடிக்காத காய் கிடைத்தால் ஒரு தாம்பாளத்தில் வெயிலில் வைத்து, மேலே பெரிய கம்பிக்கூடையைக் கவிழ்த்து, பிள்ளைகளை ஐந்து அடி தள்ளி உட்கார வையுங்கள். எப்போது வெடிக்கும் என்று தெரியாது, அதுதான் பாடம், காத்திருப்பது. மழை மூட்டமான நாளில் அது வெடிக்காது என்பதை ஒரு வாரத்தில் அவர்களே சொல்வார்கள். சிமெண்டில் கொட்டையைத் தேய்த்தால் சூடாகும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை அண்ணன்மார்கள் ஏற்கெனவே அடுத்தவன் கையில் வைத்துக் காட்டியிருப்பார்கள். உரசினால் சூடு ஏன் வருகிறது என்று உள்ளங்கைகளை உரசிப் பார்க்க வைத்துவிட்டு அங்கேயே விட்டுவிடலாம்.

இதே மாதங்களில் சில வருடம் புகைமூட்டம் வரும். காற்றுத் தூய்மைக் குறியீடு (எண் கூடக் கூடக் காற்று மோசம்) 100-ஐத் தாண்டிய நாளில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், பேச்சே இல்லை. உள்ளிருந்தே செய்ய ஒன்று இருக்கிறது. ஜன்னலிலிருந்து தெரியும் ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரு பிள்ளை வரைய வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் அழுத்தமாக, மங்கலாக இருந்தால் லேசாக, தெரியாவிட்டால் வெற்றுத் தாள். வெற்றுத் தாளையும் ஒட்டுங்கள். கூடவே வெள்ளை அட்டையில் வாஸ்லின் தடவி ஜன்னல் விளிம்பில் ஒரு நாள் வைத்து, புகை விலகிய பிறகு இன்னொரு அட்டை வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்டோபர், நவம்பரில் மழை. பெரிய மினரல் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனல் மாதிரி வையுங்கள், வெட்டிய விளிம்பில் ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள். அடி வளைவாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, வளைவு முடியும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு. அதுதான் தொடக்கம். திறந்த வெளியில் வைக்க வேண்டும், கூரை ஓரத்தில் வைக்கக் கூடாது. நான் ஒரு வருடம் ஓரத்தில் வைத்து, கூரைத் தண்ணீர் முழுக்க அதில் இறங்கி ஒரே மழையில் வழிந்துவிட்டது.

ஐந்து வயதுக்கு மில்லிமீட்டர் புரியாது. அதனால் நீலத்தாளை விரல் அகலக் கீற்றாக வெட்டி வைத்துக்கொண்டு, தினம் காலை ஒரு பிள்ளை பாட்டிலோடு சேர்த்துப் பிடித்து, கோட்டிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்துக்கு அந்தக் கீற்றை வெட்ட வேண்டும். பின்னால் தேதி எழுதி, வரிசையாகச் சுவரில் ஒட்ட வேண்டும். மழை இல்லாத நாளுக்கு ஒரு புள்ளி. பள்ளி நாட்கள் இருபது ஆனதும் சுவரில் ஏறி இறங்கும் நீலப் படிக்கட்டு நிற்கும். எந்த நாள் பெரிய மழை, எத்தனை நாள் புள்ளி, நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று அவர்களே பேசுவார்கள். தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டுக்குப் போய்ப் பட்டைக்குறிவரைவு பார்க்கும்போது அது அவர்களுக்குப் பழைய சிநேகிதன். ஒவ்வொரு நாளும் அளந்ததும் கோடுவரை கொட்டிவிடுங்கள், வெள்ளிக்கிழமை முழுவதும் கொட்டிப் பாட்டிலை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், டெங்கியை நாமே வளர்க்கக் கூடாது.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஒருத்தி ஒருமுறை, நீளக் கீற்று இருந்த நாளெல்லாம் அம்மா வீட்டில் இருந்த நாள் என்றாள். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து ஓடிவிடும், காலையில் மழை என்றால் வெட்டு இல்லை, அம்மா வேலைக்குப் போவதில்லை. இப்போதெல்லாம் பெற்றோர் பலர் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள்தான், இருந்தாலும் வகுப்பில் இரண்டு மூன்று வீட்டிலாவது இந்தக் கணக்கு ஓடுகிறது. மழை என்றால் உங்கள் வீட்டில் என்ன மாறும் என்று எல்லாப் பிள்ளையையும் கேளுங்கள். மழைத் தேக்கத்தில் குதிக்க மட்டும் விடாதீர்கள், தோட்டத்தில் எலி அதிகம், காலில் புண் இருந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வரலாம்.

செம்பனைக்கு மாதம் கிடையாது, வருடம் முழுக்கக் குலை வெட்டுவார்கள், அதனால் வேறு எதுவும் கிடைக்காத வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். மட்டையில் முள் இருக்கும், உதிர்ந்த பழத்தை மட்டும் கழுவி எடுத்து வாருங்கள். பழுப்புத் தாளில் பழத்தை நசுக்கி ஒரு கறை, பக்கத்தில் தண்ணீரால் ஒரு கறை. தண்ணீர்க் கறை காய்ந்து மறையும், எண்ணெய்க் கறை மறுநாளும் நிற்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியும். ஈர்க்கைச் சீவி ஒரே அளவாக வெட்டிப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் பத்தும் ஒன்றும் பாடத்துக்கு அதைவிட நல்ல சாதனம் இல்லை.

திருநாட்களைப் பற்றி நீளமாக எழுதவில்லை, அதற்கு எல்லாப் பள்ளியிலும் ஏற்கெனவே நிறையச் செய்கிறோம். ஒன்று மட்டும். பொங்கல், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி எல்லாவற்றையும் காலநாடாவில் குறித்து வையுங்கள். பொங்கல் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், நோன்புப் பெருநாள் வருடத்துக்கு 11 நாள்போல முன்னே நகரும். இரண்டு மூன்று வருட நாடாக்களை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பிடித்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

எழுதப் படிக்க எப்போது சொல்லிக்கொடுப்பீர்கள் என்று பெற்றோர் கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம்தான், முதலாம் ஆண்டைப் பற்றி அவர்களுக்குப் பயம் இருக்கிறது. வாய்ச்சமாதானம் சொல்வதைவிட, வீட்டுக்கு அழைத்துப் போக வரும்போது பிள்ளையையே நாடாவின் முன்னால் நிற்க வைத்து அன்று ஒட்டியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தான் சொல்லி எழுதப்பட்ட வாக்கியம் என்பதால் பிள்ளை படித்துவிடும். எங்கள் வகுப்பில் சருகு, கொட்டை, மழை, மரம் இவைதான் முதலில் தானாக எழுத வந்த சொற்கள்.

டிசம்பரில் கொட்டைகளை வெயிலில் காயவைத்து மூடியுள்ள டின்னில் போடுங்கள், இல்லாவிட்டால் வண்டு வைக்கும். நாடாவைச் சுருட்டி வெளியே ஆண்டை எழுதி அலமாரி மேல்தட்டில் வையுங்கள். ஜனவரியில் புது நாடாவைப் பழையதற்குக் கீழே ஒட்டினால், போன வருடம் முதல் சருகு எந்த வாரம் ஒட்டப்பட்டது என்று புதுப் பிள்ளைகள் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து வேலி ஓரத்து மரத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்குவார்கள்.